மீனென்று சமைத்த பீவர்

பீவர் மீனுக்குச் சமம், அதை வெள்ளிக்கிழமையிலும் தவக்காலத்திலும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எந்தக் காலத்திலோ தீர்ப்புச் சொன்ன கத்தோலிக்கக் குருமார் யாரென்று எனக்குத் தெரியாது. கனடாவின் கியூபெக்கில் பலருக்கும் தெரிந்த பழைய கதை அது. நாலு காலும், உடம்பு முழுக்க மயிரும், மரத்தையே கடித்து விழுத்தும் பல்லும் உள்ள ஒரு பிராணி, தண்ணீரில் நீந்துகிறது என்பதற்காக மீனாகிவிட்டது. அந்தக் குருமார் எப்போதோ மண்ணாகியிருப்பார்கள். ஆனாலும் அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவர்களை நம்பிய என் மாமா மேல் அதைவிடக் கூடுதலான கோபம்.

மாமா அம்மாவின் தம்பி. கோடையில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்குப் பெட்டி இறக்குவார். பனி விழத் தொடங்கினால் அங்கே வேலை குறைந்துவிடும். உடனே வடக்கே காட்டுக்குள் இருந்த ஒரு வேட்டை முகாமுக்குச் சமைக்கப் போய்விடுவார். வசதியுள்ளவர்கள் எங்கெங்கோ இருந்து அங்கே வந்து தங்குவார்கள். வழிகாட்டி ஒருவர் அவர்களை ஸ்னோமொபில் என்ற பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குக் கூட்டிப்போய், பீவருக்கும் நரிக்கும் பொறி வைப்பது எப்படி என்று காட்டுவார். எல்லாம் தோலுக்காகத்தான். சூட்டடுப்பும் சுடச்சுடச் சாப்பாடும் இருந்தால்தானே அவர்களுக்குக் காடும் பிடிக்கும். அதற்குத்தான் மாமா.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வாடகை வீட்டில் அப்போது அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர். எனக்கு ஒன்பது வயது. அப்பா மட்டக்களப்பில் இருந்தார். அலுவல் இழுபடுகிறது, முடிந்ததும் வந்துவிடுவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் அம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விடுவார். குளிருக்குள் நின்று என்னதான் கதைக்கிறாரோ என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அந்த வருடத் தவக்காலத்துக்கு அம்மா மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை, அப்பா வந்து சேர வேண்டும். மீன் சாப்பிடலாம். ஆனால் அம்மா மீனையும் கிள்ளிக் கிள்ளி வைத்துவிட்டு எழும்பிவிடுவார். இறைச்சிக் கறியென்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற மனுஷி, பாவாடை நழுவாமல் ஊசி குத்திக்கொண்டு வேலைக்குப் போகுமளவுக்கு மெலிந்துபோனார். மாமா முகாமிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் கெஞ்சியும் பார்த்தார், ஏசியும் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

மார்ச் மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிழமை விடுமுறை. அம்மா வேலைக்குப் போனால் என்னைப் பார்க்க ஆள் இல்லை. மாமா தன்னோடு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அந்த இடம் முதல் நாளே பிடிக்காமல் போய்விட்டது. வந்திருந்தவர்களில் ஒரு பெரிய மனிதர், கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதுபோல மடிப்புக் கலையாத குளிர்ச்சட்டையோடு இருந்தார். நாங்கள் ஏரிக்குப் போனபோது வழிகாட்டிதான் பனிக்கட்டியை வெட்டினார். வழிகாட்டிதான் மண்டியிட்டு, கை விறைக்க, பொறி கட்டிய தடியை மேலே இழுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பீவர் வந்தது. நம்முடைய கனடா ஐந்து சத நாணயத்தில் இருக்கும் அதே பீவர். நாணயத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், இங்கே வாயைத் திறந்தபடி தொங்கியது. உடனே பெரிய மனிதர் முன்னால் வந்து அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையுறைக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கு மாமாவைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும். வழிகாட்டியிடம், இதோடு வேறு பீவர்கள் இருந்தனவா என்று கேட்டேன். ஓம், ஏரிக்குள் தெரியும் அந்தத் தடிக் குவியல்தான் அவற்றின் வீடு, உள்ளே இதன் சோடியும் குட்டிகளும் இருக்கும் என்றார். இது திரும்பி வராவிட்டால் அந்தச் சோடி என்ன செய்யும் என்று கேட்டேன். கொஞ்ச நாள் காத்திருக்கும், பிறகு வேறொன்று வந்து சேர்ந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டு அவர் பொறியை மறுபடி பூட்டத் தொடங்கினார்.

என்ன சொல்கிறான் என்று மாமா கேட்டார். அப்படியே தமிழில் சொன்னேன். மாமா சட்டென்று திரும்பினார். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தேன் என்று, வைக்காத சோற்றைச் சொல்லிக்கொண்டு முகாமுக்கு நடந்துவிட்டார். என்னை அந்த அறிமுகமில்லாத ஆட்களோடு பனிக்குள் விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

பின்னேரம் தோலை உரித்து, வட்டமாக இழுத்துப் பலகையில் ஆணி அடித்தார்கள். இறைச்சியில் கொஞ்சம் மற்றப் பொறிகளுக்கு இரையாகப் போகும், மிச்சம் வீண்தான் என்றார் வழிகாட்டி. சாப்பாட்டை வீணாக்குவதைப் பார்த்தால் மாமாவுக்குத் தாங்காது. ஏன் எறிகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அப்போதுதான் வழிகாட்டி அந்தக் கதையைச் சொன்னார். தன் வீட்டில் முந்தி தவக்காலத்தில் இதைத்தான் சமைத்தார்களாம். கோவிலே இதை மீன் கணக்கில் சேர்த்துவிட்டதாம்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லொத்தர்ச் சீட்டு விழுந்தவர்கூட அப்படிச் சிரிக்கமாட்டார்.

"அப்ப அக்கா சாப்பிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த இறைச்சியோடு வீட்டுக்கு வந்ததும் மாமா குசினிக்குள் புகுந்தார். கொழுப்பை ஒட்டச் சீவி, எலும்பை எடுத்து, வினாகிரியில் ஊறப்போட்டார். பிறகு வெந்தயம், பழப்புளி, தேங்காய்ப்பால் என்று மீனுக்குச் சேர்க்கும் எல்லாவற்றையும் சேர்த்து மீன் குழம்பாகவே வைத்தார். ஏரி மீன், முள் இல்லை என்று சொல்லி அம்மாவுக்குப் போட்டார். அம்மா ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு சோற்றுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய சோற்றுக் கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"என்ன மீன் தம்பி இது? நல்ல ருசியாக் கிடக்கு" என்றார் அம்மா.

மாமா குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார். கண்டுபிடிப்பில் பாதி என்னுடையதல்லவா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் என் உண்டியலில் இருந்து ஒரு ஐந்து சத நாணயத்தை எடுத்துவந்து அம்மாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்த மீன் அம்மா" என்றேன். கோவில் சொன்னது, பாவமில்லை என்றும் விளக்கினேன்.

அம்மா நாணயத்தைப் பார்த்தார். எழும்பிக் குளியலறைக்குப் போனார். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கி, பல்கனிக் கதவைத் திறந்து, சட்டியோடு அப்படியே கீழே பனிக்குள் எறிந்தார்.

"அக்கா, இஞ்சத்தச் சனம் முழுக்க இத மீன் எண்டுதான் சாப்பிட்டது" என்றார் மாமா.

"அவங்கட வீடுகளில எல்லாரும் இருந்தாங்க. அவங்க என்னத்தையும் திண்டுட்டுக் கும்பிடலாம். எனக்கு இது ஒண்டுதானேடா கிடந்தது."

"நீயும் போனா இந்தப் புள்ளைய ஆர் பாக்கிற?"

எனக்கோ பசி. அருமையான கறி பனிக்குள் கிடந்தது. என் கண்டுபிடிப்புக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. எல்லாம் சேர்ந்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு கறிக்காக அப்பா வராமப் போவாரா?" என்று கத்தினேன்.

பளாரென்று அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. மாமா என்னை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பனி உருகியபோது அந்தச் சட்டி அடி நெளிந்து வெளியே வந்தது. அதை எடுக்க யாரும் இறங்கிப் போகவில்லை.

அதற்கு முந்தின ஐப்பசியிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வேலையால் வரும் வழியில், எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில். யார் கொண்டுபோனது, எங்கே கொண்டுபோனது, ஒன்றும் தெரியாது. அம்மா குளிருக்குள் நின்று கேட்டது அந்தச் செய்திகளைத்தான். இனி நம்பிப் பயனில்லை என்று ஊரில் சொன்னார்கள். மாமா அதை நம்பினார், அம்மாவாவது உயிரோடு இருக்கட்டும் என்று சமைத்தார். அம்மா நம்பவில்லை, நேர்த்தி தவறாமல் இருந்தால் மாதா கைவிடமாட்டார் என்று பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடியையும் எங்கள் குழம்பு அறுத்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பதினேழு வயதில் மாமா சொல்லித்தான் தெரியும். அதுவரைக்கும் அலுவல் இழுபடுகிறது என்றே சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா எனக்கும் அப்பாதானே. காத்திருக்கும் உரிமையைக்கூட எனக்குத் தராமல் இரண்டு பேருமாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வருட ஈஸ்டருக்கு மாமா கோழி வாங்கி வந்து சமைத்தார். தவக்காலம் முடிந்துவிட்டது, தாராளமாகச் சாப்பிடலாம். அம்மாவின் கோப்பையில் பெரிய காலாகப் பார்த்து வைத்தார். அம்மா அதைக் கோப்பை ஓரத்துக்குத் தள்ளினார்.

"பிறகு சாப்பிடுறன்" என்றார்.

மாமா மேலுள்ள கோபத்தை அம்மா இன்னும் விடவில்லை, சரியான வீம்புக்காரி என்று நினைத்தேன். எனக்கும்தான் வீம்பு வரும், பாருங்கள் என்று அம்மாவின் கோப்பையிலிருந்து அந்தக் கோழிக்காலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, எலும்புவரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். அப்பாவும் வரவில்லை, அம்மா இன்றுவரைக்கும் இறைச்சி தொட்டதில்லை.