கயிறு சுற்றி இழுத்த மோட்டர்

எங்கள் வீட்டு மோட்டருக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. இதைச் சொன்னால் மாமா இப்போதும் சிரிப்பார், இரும்புக்கு ஏது கண் என்பார். ஆனால் பதினொரு வயதில் நான் அதை உறுதியாக நம்பினேன். நான் சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும். அக்கா தொட்டால் ஓடும். வேறென்ன சாட்சி வேண்டும்?

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் மகள். அவர்கள் வன்னியில் இருந்தார்கள். பெரியம்மா நோயில் போய்ச்சேர, பெரியப்பா கட்டாருக்கு வேலைக்குப் போக, ஓர் உடுப்புப் பையோடு அவள் வேலணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்ததால் வீட்டில் அம்மாவும் நானும்தான், அம்மாவின் வாயில் செல்லமாகக் ‘குஞ்சு’ என்று வந்தால் அது என்னைத்தான். அவள் வந்த கிழமையே அந்தச் சொல் அவளிடம் போய்விட்டது. எனக்கு என் பெயர் மட்டும் மிஞ்சியது, அதையும் அம்மா பெரும்பாலும் கோபம் வந்தால்தான் கூப்பிட்டார்.

இத்தனைக்கும் அவள் எதையும் கேட்டு வாங்கவில்லை. அம்மா சமைக்கும்போது குசினி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பாள். இரண்டாம் முறை சோறு போட்டால் சோற்றுக் கோப்பையைக் கையால் மூடுவாள். தண்ணீர் விடாய்த்தால்கூட, “சித்தி, குடிக்கட்டோ?” என்று கேட்டுத்தான் குடத்தைத் தொடுவாள். ஒரு நாளைக்கு அவள் கதைத்தது அவ்வளவுதான். என்ன நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்கோ ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

கிணற்றடியில் தகரக் கூரைக்குக் கீழே மோட்டரும், பெல்ட்டால் அதோடு கொழுவிய பம்பும் இருந்தன. எங்கள் தண்ணீர்த் தாங்கிக்கும், பின்வளவில் நின்ற நாலு பாத்தி மிளகாய்க்கும், பக்கத்து வீட்டு அன்ரியின் தாங்கிக்கும் அதுதான் தண்ணீர் இறைத்தது. ஒரு காலை அம்மா சுவிட்சைப் போட, உறுமல் மட்டும் வந்தது. பெல்ட் ஓடும் சில்லு அசையவில்லை. எரிந்துபோகும் என்று அம்மா பயந்து உடனே நிறுத்தினார். மறுபடி போட்டார், மறுபடி உறுமியது. அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குளிக்காமல் எப்படி வேலைக்குப் போவது என்று புலம்பத் தொடங்கினார்.

குசினி வாசலில் இருந்தவள் எழுந்து வந்தாள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு பாகம் வெட்டி எடுத்து, சில்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டில் பம்பரத்துக்குச் சுற்றுவதுபோல் சுற்றினாள். முடிச்சுப் போடவில்லை.

“சித்தி, நான் இழுக்கேக்கை சுவிட்சைப் போடுங்கோ,” என்றாள்.

ஒரே இழுவை. கயிறு கழன்று அவள் கையோடு வந்தது, மோட்டர் குடுகுடுவென்று ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது.

“அப்பா தோட்டத்தில இப்பிடித்தான் செய்யிறவர்,” என்றாள். வந்ததிலிருந்து அவள் தானாகச் சொன்ன முதல் சங்கதி அது. அம்மா அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் பண்ணிய அன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிவதே அவள் கையால்தான் என்றாகிவிட்டது. “பிள்ளை எழும்பிட்டாளோ? தாங்கி காலி,” என்று அன்ரி வேலியடியில் நிற்பார். அவள் கயிற்றோடு போவாள். ஒரு கையால் இழுத்து மறு கையால் சுவிட்சைப் போடவும் பழகிவிட்டாள். ஊரில் யாரைக் கண்டாலும் அம்மாவுக்கு அந்தக் கதைதான். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த கிழமை மாமா ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டரைப் பார்க்க வந்தார். மாமா அம்மாவின் தம்பி, மின்சார வேலை தெரிந்தவர். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் நின்ற நேரம் அது. இனி கயிற்றுக்கு வேலையில்லை என்று நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், மாமா கதிரையில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சரிவரேல்லை. சாமான் ஒண்டு தேடவேணும். அதுவரைக்கும் அக்கா இழுக்கட்டும்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

அந்தச் சாமான் யாழ்ப்பாணத்துக் கடைகள் ஒன்றிலும் இல்லாமல் மாதக்கணக்காகத் தேடப்பட்டது. மாமாவைப்போல ஒரு சோம்பேறி இல்லை என்று நான் முடிவுகட்டினேன்.

அதே வாரம் இன்னொரு அநியாயமும் நடந்தது. லண்டன் மாமி கொண்டுவந்து தந்த நகப்பூச்சுப் போத்தல், எங்கள் பேச்சில் கியூட்டெக்ஸ், ஒன்று என்னிடம் இருந்தது. செவ்வரத்தம்பூச் சிவப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பூசிக்கொண்டு போக ஏலாது, ஆகவே சனிக்கிழமைகளில் கால் சின்னவிரலுக்கு மட்டும் பூசுவேன். கருமித்தனத்தில் நான் கெட்டிக்காரி, போத்தலில் பேனையால் மட்டம் கீறி வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை பார்த்தால் பூச்சு கோட்டுக்குக் கீழே நின்றது. யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அவள் தூங்கும்போது விரல்களை மோந்துகூடப் பார்த்தேன். கயிற்று மணம்தான் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “காத்துப் பிடிச்சு வத்தியிருக்கும்,” என்றார். மூடி இறுக்கிய போத்தலுக்குள் எந்தக் காற்று போகும்?

ஒரு நாள் பொறுக்கமுடியாமல், அவள் எழும்ப முன்பே கயிற்றை எடுத்துக்கொண்டு நான் கிணற்றடிக்குப் போனேன். அவள் செய்வதுபோலவே சுற்றி இழுத்து சுவிட்சைப் போட்டேன். மோட்டர் ஓடியது! என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோசம் அதுவரை வந்ததில்லை. ஆனால் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள், சுவிட்சை நிறுத்தினாள், சில்லு நிற்கும்வரை காத்திருந்தாள், கயிற்றை மற்றப் பக்கமாகச் சுற்றினாள்.

“நாங்கள் எந்தப் பக்கம் சுத்திவிடுறமோ அந்தப் பக்கம்தான் அது ஓடும்,” என்றாள். குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் சப்பாத்து வந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார். என் சப்பாத்து நல்லாயிருக்கிறதாம், நான் அன்ரி வீட்டில் நிற்கவேண்டுமாம். அல்லைப்பிட்டியைத் தாண்டி, கடலுக்கு நடுவே போட்ட தெருவில் பஸ் போகும்போது யன்னல் கரையில் அவள் இருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது.

அன்று அன்ரி வீட்டு மின்விசிறியின் மோட்டரைத் திருத்த ஒருவர் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு, தன் வேலையைத் தானே புகழ்ந்துகொண்டு செய்கிற மனிதர். முடிந்து புறப்பட்டவரின் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணை, எங்கட மோட்டரையும் பாருங்கோ. அம்மா சொன்னவா,” என்றேன். அம்மா சொல்லவில்லை என்பது அன்ரிக்குத் தெரியாது.

அவர் மெயின் சுவிட்சை இறக்கி, பெல்ட்டைக் கழற்றினார். மோட்டரின் முதுகில் டப்பிபோல் இருந்த கொண்டென்சரின் இரண்டு காலையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டார். மிச்சக் கரண்ட் கிடந்தால் பொறி பறக்கும், தள்ளி நில்லும் என்றார். நான் ஆவலோடு பார்த்தேன், ஒன்றும் பறக்கவில்லை.

“இதுக்குக் கரண்டே வாறேல்லைப் போல,” என்று புருவத்தை உயர்த்தினார். மூடி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் பொருந்த வேண்டும் என்று ஓரத்தில் ஓர் அடையாளம் வெட்டிவிட்டு அதைக் கழற்றினார்.

உள்ளே அச்சில் ஒரு தட்டும், ஸ்பிரிங்கோடு இரண்டு சின்னக் குண்டுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. மூடிப்பக்கம் ஒரு தகடு, அதில் பொட்டுப்போல இரண்டு பொயின்ற்.

“இதுதான் பிள்ளை, ஸ்டார்ட்டிங் சுவிட்ச். மோட்டருக்குள்ள ரெண்டு சுருள். ஒண்டு ஓடுறதுக்கு, மற்றது தொடக்கிவிட மட்டும். நிக்கேக்கை இந்தப் பொயின்ற் ரெண்டும் முட்டிக்கொண்டு நிக்கவேணும், அப்பதான் தொடக்கிற சுருளுக்குக் கரண்ட் போகும். வேகம் பிடிச்சதும் குண்டு ரெண்டும் விரிஞ்சு, தட்டு பின்னுக்குப் போய், பொயின்ற் விலகும். விலகாட்டி அந்தச் சுருள் எரிஞ்சுபோம். முட்டாட்டி மோட்டர் வெளிக்கிடாது, உறுமும்.”

பொயின்ற்றைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கரி பிடிச்சிருக்குமெண்டு பாத்தன். இதென்ன, ஆரோ கியூட்டெக்ஸ் பூசியிருக்கினம்! முட்டினாலும் கரண்ட் போகாது.”

செவ்வரத்தம்பூச் சிவப்பு. எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆத்திரத்திலா, ஆனந்தத்திலா என்று இன்றும் சொல்லத் தெரியாது.

அவர் பிளேட்டால் பூச்சைச் சுரண்டி, மெல்லிய சாண்ட்பேப்பரை மடித்து இரண்டு பொயின்ற்றுக்கும் நடுவே விட்டு உரஞ்சினார். துணியால் துடைத்தார். குண்டுகளை விரலால் விரித்துவிட்டு ஸ்பிரிங் திரும்ப இழுக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட, மோட்டர் தானாக வெளிக்கிட்டது. வேகம் பிடிக்கையில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“கேட்டீரே? அது விலகின சத்தம்,” என்றார் பெருமையாக.

பின்னேரம் அம்மாவும் அவளும் சப்பாத்துப் பெட்டியோடு படலையைத் திறந்தார்கள். நான் இருவரையும் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனேன், சுவிட்சைப் போட்டேன். மோட்டர் ஓடியது. அம்மாவின் முகம் செத்துப்போனது. அவள் தன் கயிறு தொங்கிய ஆணியைப் பார்த்தாள்.

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எனக்கா நிறுத்தத் தெரியும்?

“இவள்தான் என்ர கியூட்டெக்ஸைக் களவெடுத்து மோட்டருக்குள்ள பூசினவள்! தானில்லாமல் எங்களுக்குத் தண்ணி வரக்கூடாதெண்டு!”

“அவளில்லை,” என்றார் அம்மா. “நான்தான் பூசுவிச்சனான்.”

“பொய்! அவளுக்காகப் பொய் சொல்லுறீங்கள்!” என்று கத்தினேன். வேறு எப்படி நினைப்பது? தன் வீட்டு மோட்டரைத் தானே கெடுக்கிற தாய் உலகத்தில் உண்டா? பெற்ற பிள்ளையைப் பொய்க்காரியாக்கி வந்தவளைக் காப்பாற்றுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அப்போதுதான் சப்பாத்துப் பெட்டி என் காலடியில் வந்து விழுந்தது.

“நான் உன்ர கியூட்டெக்ஸைத் தொடேல்லையடி!” அவள்தான். அப்படியொரு குரல் அவளுக்குள் இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்ரி வேலிக்கு ஓடிவந்தார். “ஆருக்கு வேணும் உன்ர ஊத்தைப் போத்தல்? உனக்கு ஒரு கயிறு ஒழுங்காச் சுத்தத் தெரியாது, நீ என்னைக் கள்ளி எண்டுறியோ?” என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் கடித்தேன். இருவரும் ஈர மண்ணில் உருண்டோம்.

அம்மா எங்களைப் பிரிக்க வரவில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு கயிறு கொடிக்கே திரும்பிப் போனது. அவளோ என் ரிப்பனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், மீன் தலைக்கு என்னோடு சண்டை பிடித்தாள், குடத்தில் தண்ணீர் முடிந்தால் யார் நிறைக்கவில்லை என்று அதிகாரம் பண்ணினாள். ‘குஞ்சு’ எங்கள் வீட்டை விட்டே போய்விட்டது. அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துச் சனியன்கள் என்றார்.

போன வருடம் அவளுடைய கலியாணத்துக்கு முதல்நாள் எல்லோரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மாமா அந்தக் கதையை எடுத்தார்.

“நான் அண்டைக்குப் பத்து நிமிசத்தில கரியைத் துடைச்சு ஓடவிட்டிட்டன். கொம்மா வந்து பாத்திட்டு, ‘தம்பி, திரும்பப் பழுதாக்கு. இந்த ஒரு கிழமையாத்தான் பிள்ளை வாய் திறந்து கதைக்கிறாள்’ எண்டா. வயரைக் கழட்டினால் கொழும்பால கொப்பர் வந்ததும் கண்டுபிடிச்சிடுவார். பொயின்ற்றில பூச ஏதும் தா எண்டன். ஓடிப்போய் உன்ர போத்தலை எடுத்துக்கொண்டு வந்தா.”

எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நெகிழ்ந்திருக்கவேண்டிய நேரம்தான். எனக்கோ பதினொரு வயதின் எரிச்சல் அப்படியே நெஞ்சில் ஏறியது.

“எனக்காக நீங்கள் என்னத்தைப் பழுதாக்கினீங்கள்? ஒரு டோர்ச் லைட்டைக்கூடப் பழுதாக்கேல்லை. என்ர போத்தலைத்தான் என்னைக் கேளாமல் எடுத்தனீங்கள்,” என்றேன்.

அம்மா வெங்காயத்திலிருந்து தலை நிமிரவில்லை.

“ஓம், கேளாமல்தான் எடுத்தனான். உன்ர போத்தலுக்கு நான் ஆரைக் கேக்கிறது? அது அவளின்ர போத்தலாய் இருந்திருந்தால் அவளைக் கேட்டுத்தான் எடுத்திருப்பன்.”