பம்பரத்தின் நாலு மாத்திரை

கேக்கின் மேல் பெயர் எழுதுவதில் தங்கையை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு சாண் கேக்கில் இருபத்திரண்டு எழுத்துப் பெயரை ஓரம் தொடாமல் எழுதிவிடுவாள். எண்ணிச் சொன்னது அக்கா. அதே பேக்கரியில் பெட்டி கட்டுகிறவள், மூடும்முன் எழுத்துகளை இரண்டு தரம் சரிபார்க்கிறவள். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போனதில்லை.

தங்கைக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. எந்நேரமும் அசதி, தூக்கம். காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை. புதுப் புட்டி வாங்கிய ஒன்றரை மாதத்தில் ஆளே மாறிப்போனாள். இடுப்பு சிறுத்தது. விடிந்ததும் சொந்த ஜன்னலைத் துடைத்து, கை அடங்காமல் பக்கத்து வீட்டு ஜன்னலையும் துடைத்தாள். நாளுக்கு நாற்பது கேக் எழுதிய இடத்தில் எழுபது எழுதினாள். பேக்கரியே அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டது. அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“உன் தங்கச்சி என்னத்தைத் தின்னுறா? எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடேன்” என்றார் அடுப்புக்காரர்.

“கண்ணு வைக்காதீங்கண்ணே. எங்க வீட்டு ரத்தம் அப்படி.”

அப்புறம் எழுத்துகள் நெளியத் தொடங்கின. வாங்க வந்தவர்களுக்கு அது பிடித்துப்போய், “அந்த அலை எழுத்துல போட்டுக் குடுங்க” என்று கேட்டார்கள். அக்காவும் ஒரு வாரம் அதைப் புதுப் பாணி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஒரு மதியம் தங்கை ஐசிங் பையை மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் விரல்கள் எழுதிக்கொண்டே இருந்தன. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினாள். ஒரு நிமிடத்தில் நூற்று நாற்பத்தாறு. நடுநடுவே தடுக்கல் வேறு.

“என்னடி, உள்ள குதிரை ஓடுது?”

“போக்கா, எனக்குப் பறக்குற மாதிரி ஜோரா இருக்கு.”

“அந்த மாத்திரையை எடு.”

பழைய புட்டியில் இருபத்தைந்து மைக்ரோகிராம் என்று இருந்தது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. இதில் நூறு.

“எத்தனை போடுற?”

“எப்பவும் போல நாலு.”

“அடிப்பாவி, இதுல ஒண்ணு அதுல நாலுடி. மருந்துக்கடையில சொல்லலையா?”

“ஏதோ சொன்னாரு. அப்ப எனக்குத் தூக்கமா வந்துச்சு.”

ரொட்டி வண்டியில், தட்டுகளுக்கு நடுவே, இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். “இதயம் தாளம் தப்பி ஓடுது” என்றார் டாக்டர். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். இதயமே நின்னிருக்கலாம்.” தைராய்டு மாத்திரையை நிறுத்தி, இதயத்துக்கு மருந்து கொடுத்து, தங்கையைப் படுக்க வைத்தார்கள்.

அவளா படுப்பாள்? மறுநாள் நர்ஸ் வந்து நின்றாள். “இவங்களைக் கொஞ்சம் பிடிச்சு வைங்கம்மா. வார்டு முழுக்கத் தலையணை உறை மாத்திட்டாங்க.”

அக்கா பிடித்துத்தான் வைத்தாள், மணிக்கட்டோடு சேர்த்து. மணிக்கொரு தரம் எண்ணி நோட்டில் குறித்தாள். நூற்று முப்பது. நூற்றுப் பதினெட்டு. நூற்று இரண்டு. ஐந்தாம் நாள் எண்பத்து நான்கு, தடுக்கல் இல்லை. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினாள். அதே எண்பத்து நான்கு.

“அடியே, கேட்டியா?”

தங்கை கேட்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, ஜன்னல் அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டில்காரி முகத்தைச் சுளித்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என் தங்கச்சிதான்.”