கைராசி என்று நம்பிய மருந்து

நான் கம்பவுண்டராகி ஆறு வருஷம்தான் ஆகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் முதல் வருஷத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

கொடைக்கானல் பஜாரில் ஒரு டாக்டரின் சின்ன டிஸ்பென்சரி. ஒருநாள் காலை கதவைத் திறக்கப் போனால், டெய்லர் முத்தையா அண்ணன் படியில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குளிரிலும் சட்டை வியர்த்து நனைந்திருந்தது. மூக்கு ஒழுகியது. கை நடுங்கி, காலி பாட்டில் படியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"வெரசா ஊத்துங்க தம்பி. மூணு நாளா நீங்க குடுத்தது வெறுந்தண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. என் இருமல் மிக்சரையா இப்படிச் சொல்கிறார்?

அந்த மிக்சரில் அபின் டிங்க்சர் கொஞ்சம் சேரும். எவ்வளவு குடிப்பது என்று தெரிய, வேளைக்கு ஒரு பல்லாகக் காகிதம் வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவோம். டாக்டர் சீட்டில்லாமல் மறுபடி ஊற்றக் கூடாது. எனக்கோ மதுரையில் படித்துவிட்டு வந்த வேகம். யாரையும் காக்கவைக்கப் பிடிக்காது. சீட்டைக் கேட்காமல், பழைய பாட்டிலைப் பார்த்தே ஊற்றிவிடுவேன்.

முத்தையா அண்ணன் பனிக்காலத்தில் இருமலோடு வந்தவர். இருமல் போன பிறகும் பாட்டில் வந்தது. மச்சினனுக்கு என்பார், வடகவுஞ்சிச் சித்தப்பாவுக்கு என்பார்.

"ஒங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே இருமலாண்ணே?"

"டாக்டரு எழுதி என்ன தம்பி, கலக்குற கை வேணும்ல. ஒங்க கைராசி அப்பிடி."

எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். காகிதத்துக்கு மேலும் ஒரு விரற்கடை ஊற்றுவேன்.

அவர் படியில் வந்து உட்கார்ந்த அந்த வாரம் மதுரையிலிருந்து டிங்க்சர் வரவில்லை. அது இல்லாமல் சிரப்பைக் கூட்டிக் கலக்கினேன். என் கை போதும் என்று நினைத்தேன்.

அன்று காலை படியில் வைத்து, "டிங்க்சர் ஸ்டாக் இல்லண்ணே," என்றதும் அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, ஊத்துறியா இல்லியா?"

அதுவரை என்னிடம் 'ங்க' போடாமல் பேசாதவர்.

பின்னாலேயே அவர் மனைவி வேலம்மாக்கா ஒரு பையோடு ஓடிவந்தார். "வெள்ளனே எந்திரிச்சு வந்துட்டாரு தம்பி. மூணு நாளா மிசின்ல நூல் கோக்க முடியல. கோட்டுத் துணியெல்லாம் வெட்டாமக் கெடக்கு. இதப் பாருங்க."

பை நிறையக் காலி பாட்டில்கள். எல்லாவற்றிலும் நான் வெட்டிய காகிதம். கடைசிப் பல்லை நான் கொஞ்சம் சாய்த்து வெட்டுவேன், அதுகூட அப்படியே.

"மச்சினன்... சித்தப்பா?"

"எந்த மச்சினன்? எல்லாம் இந்த மனுசன் ஒருத்தர் குடிச்சதுதான்."

நான் கைராசி என்று நம்பியது அபின். அவரை அந்தப் படியில் கொண்டுவந்து போட்டவன் நான்.

டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீயே கூட்டிட்டுப் போ," என்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மலை இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி. வேலம்மாக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார், நான் காலை.

இரண்டு மாதம் கழித்துப் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். மிஷின் சத்தம் மறுபடி கேட்டது. டிஸ்பென்சரிப் பக்கம் மட்டும் வரவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் வாசலில் நின்று இருமினார்.

"உள்ள வாங்கண்ணே."

அவர் படி ஏறவில்லை. "நெசமாவே இருமல்தான் தம்பி. டாக்டர்ட்டச் சொல்லி மாத்திரையா வாங்கிக் குடுங்க. ஒங்க கை கலக்குனது மட்டும் வேணாம்."

டாக்டர் எழுதிய மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் படியிறங்கிப் போய்க் கொடுத்தேன்.

இன்றும் யாராவது என் கைராசியைப் புகழ்ந்தால், நான் முதலில் கேட்பது சீட்டு.