நீலப் பொட்டு வைத்த சக்கரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். சிதம்பரத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கி, கடலூர் போகிற சாலையில் ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் முடிந்தது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் வேலையும் உண்டு. பழைய பைக் வைத்திருப்பவர்கள் என் கடைக்கு நிறைய வருவார்கள். வண்டி வாங்கிப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டால், போக்குவரத்து ஆய்வாளரிடம் நேரில் காட்டி, சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று எழுதி வாங்கி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு 'எஃப்.சி. காட்டுறது' என்று பேர்.

விண்ணப்பம் போடுவதோடு என் வாய் சும்மா இருக்காது. "டயரு மொட்டையா? அதுக்கு எதுக்குப் புதுசு வாங்குற? அதே மாடல் வச்சிருக்குற தெரிஞ்சவன் வண்டியில நல்ல வீல் இருந்தா ஒரு நாளைக்குக் கழட்டி மாட்டிக் காட்டிட்டு வந்துரு" என்று யோசனையும் கொடுப்பேன். அந்த யோசனைக்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

நல்ல வீல் இருந்த அந்தத் தெரிஞ்சவன் வேறு யாருமில்லை, என் தங்கையின் கணவர்தான். அடுத்த தெருவில் குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஏணியையும் டப்பாக்களையும் ஏற்றிப் போகிற வண்டி என்பதால் டயர் விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். என் பேரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் பின் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். எங்கேயோ கேட்டுக்கு அடித்த நீலப் பெயிண்ட் அந்தச் சக்கரத்தின் விளிம்பில் மூன்று இடத்தில் சிந்திக் காய்ந்திருந்தது. அது எவ்வளவு பெரிய அடையாளம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வருடம் என் வண்டிக்கே பதினைந்து முடிந்தது. முதல் தடவை காட்டியபோது தேறவில்லை. ஆய்வு செய்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் அதிகாரி. வரிசையில் பத்துப் பன்னிரண்டு வண்டி நின்றோம். எல்லோருமே வண்டியைக் கழுவித் துடைத்து, ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்து, ஹேண்டில் பாரில் எலுமிச்சம்பழம் கட்டிக் கொண்டு வந்திருந்தோம். அந்த அம்மா முன்பக்கம் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னால் போய் நின்று, "பிரேக்க மிதிங்க" என்றார். முக்கால்வாசி வண்டிக்குச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. என்னுடையதும் அதில் ஒன்று. எத்தனை மாதமாக எரியவில்லை என்றுகூட எனக்குத் தெரியாது.

"ஹாரன் எல்லாருக்கும் ஜோரா அடிக்குது. நீங்க பாக்குற பக்கம் எல்லாம் பளபளன்னு இருக்கு. பின்னாடி வர்றவனுக்குத்தான் ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். என் தாளில் நான்கு குறை. பிரேக் விளக்கு எரியவில்லை, கண்ணாடி இல்லை, செயின் தளர்ச்சி, பின் டயர் மொட்டை. அடுத்தவன் தாளை எட்டிப் பார்த்தேன், அவனுக்கும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். ஊரே இப்படி ஓட்டுகிறது, நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மெக்கானிக்கிடம் விட்டு மூன்று குறையைச் சரி செய்தேன். டயரைத் தீபாவளி முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். மறுபடியும் காட்டப் போகிற நாளன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றேன்.

"மழை நாளு, எனக்கு எங்க வேல? வண்டி இன்னைக்கு எங்கயும் போவாது மச்சான், எடுத்துக்கங்க" என்று அவரே குந்தி உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தார். அவர் வண்டி சக்கரம் இல்லாமல் நிற்க வேண்டாமே என்று என் மொட்டை டயர் சக்கரத்தை அதில் மாட்டினோம். தங்கை உள்ளே புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கடலூரில் நேர்முகத் தேர்வு. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு மூன்று வருடமாக அலைந்து வந்த அழைப்பு. பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். "பஸ்ஸுல போயிருவேன்ணே" என்றாள். நல்லா பண்ணு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டி காட்டுகிற மைதானத்தில் அதே அதிகாரி. விளக்கு எரிந்தது, கண்ணாடி இருந்தது, செயின் சரி. பின் சக்கரத்துக்கு வந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. நீலப் பெயிண்ட் மேல் விரலை வைத்து, "இது எனக்குத் தெரிஞ்ச வீலாச்சே. போன வாரம் ஒரு பச்ச வண்டியில வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு பெரியவரு வண்டியில" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரையும் அனுப்பியதே நான்தான். மண்டையைச் சொரிந்துகொண்டு நின்றேன். திட்டுவார், வண்டியைப் பிடித்து வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலையே உயர்த்தவில்லை.

"சரி சார், உங்க மொட்ட டயரு இப்ப எங்க இருக்கு?"

"மாப்பிள்ள வண்டியில மேடம்."

"அந்த வண்டி?"

"வீட்டுல சும்மாதான் மேடம் நிக்குது. வேணும்னா போன் போட்டுத் தரேன்" என்று வீறாப்பாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தங்கைக்குப் போட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"அண்ணே, பஸ்ஸுகாரன் நிக்காம போயிட்டான். அவரு வண்டியிலயே போறோம். முட்லூரு தாண்டிட்டோம். மழ தூறுது, அப்புறம் பேசுறேன்."

நான் "நிறுத்தச் சொல்லு" என்று கத்துவதற்குள் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைப் பைக்குள் போட்டிருப்பாள். நான் படுகிற பாட்டை அந்த அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் எதையும் எழுதாமல் மடித்துத் தன் அட்டைக்குள் செருகினார்.

"இது இங்கயே இருக்கட்டும். கெளம்புங்க. பதட்டப்படாதீங்க, நீங்க மெதுவாப் போங்க" என்றார். போன தடவை அவரைக் கெடுபிடிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அந்தச் சாலையில் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஈரத் தார்ச்சாலை. என் டயர் எனக்குத்தான் தெரியும். ரோட்டைப் பிடிக்கிற பட்டன் எல்லாம் தேய்ந்து ஒரு பக்கம் உள்ளே இருக்கிற நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையோ தன் டயர் என்கிற நினைப்பிலேயே ஓட்டுவார். என் வண்டிக்கு அடியில் அவருடைய நல்ல டயர் சாலையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடியது. அது தெரியத் தெரிய எனக்கு அழுகை வந்தது. முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, எங்காவது கூட்டம் கூடி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகு. அங்கே அவர் வண்டி நின்றது. மதகுக் கட்டையில் மாப்பிள்ளை தனியாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையைக் காணோம்.

"அவ எங்க?" என்று கேட்டேன்.

"அவ போயிட்டா மச்சான்" என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறி எழுந்து வந்து, "அய்ய, இன்டர்வியூக்குப் போயிட்டா. ஒரு மீன்காரம்மா கூட்டிட்டுப் போவுது" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நடந்தது இதுதான். விடிகாலையில் மீன் விற்கக் கிளம்பி, விற்று முடித்து, காலி அன்னக்கூடையோடு மொபெட்டில் கடலூர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா இவர்களுக்குப் பின்னால் வந்திருக்கிறார். கொஞ்ச தூரம் டயரையே பார்த்துக்கொண்டு வந்தவர், "ஏ தம்பி, ஓரங்கட்டு" என்று கத்தியிருக்கிறார். மாப்பிள்ளை, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அந்த அம்மா விடவில்லை. மொபெட்டை முறுக்கி முந்திப் போய் மதகு ஓரமாகக் குறுக்கே நிறுத்திவிட்டார். "பொம்பளப் புள்ளைய ஏத்திக்கிட்டு இந்த டயர்லயா வர? நூலு பிஞ்சு டியூப்பு வெளிய வந்துடுச்சு பாரு" என்றாராம்.

குனிந்து பார்த்தேன். டயர் கிழிந்த இடத்தில் டியூப் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு கிலோமீட்டர் தாங்கியிருக்குமோ என்னவோ.

தங்கை நேரத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். அந்த அம்மா, "நான் தேவனாம்பட்டினந்தான் போறேன், ஏறும்மா. உன்ன விட்டுட்டுப் போறேன்" என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "என் டயராலதான மாப்ள" என்று ஆரம்பித்தேன். "கழட்டிக் குடுத்தது நான்தான மச்சான், வண்டிய எடுக்குறப்போ எனக்கில்ல ஞாபகம் இருந்திருக்கணும்" என்றவர், "உங்க எஃப்.சி. என்னாச்சு? பாஸ் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். அங்கேதான் நான் உடைந்து அழுதுவிட்டேன். அவர் பாட்டுக்கு என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மினி லாரியில் அவர் வண்டியை ஏற்றிச் சிதம்பரம் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலமே என் சக்கரத்துக்குப் புது டயர் போட்டேன். நீலப் பொட்டு வைத்த சக்கரம் அதன் வண்டிக்கே போனது. நான் அனுப்பி வைத்த அந்த இரண்டு பேரையும் தேடிப் போய் அவர்கள் வண்டி டயரைப் பார்த்தேன். இரண்டும் பழையபடி மொட்டையாகவே இருந்தன. கூடவே நின்று மாற்ற வைத்தேன். ஒருவர், "என்னப்பா, நீதான அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன்.

தங்கை பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. "புடவையில மீன் வாசன அடிச்சதாலன்னு நெனைக்காத, கேள்விக்குத்தான் பதில் தெரியல" என்று அவளே சிரித்தாள். அடுத்த வருடம் வேறு இடத்தில் கிடைத்தது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் இரண்டு வண்டியில் தேவனாம்பட்டினம் போனோம். தங்கைக்கு முகம் ஞாபகம் இருந்ததால் விசாரித்துக் கண்டுபிடித்தோம். நான் கையைக் கூப்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. நேராக வண்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு டயரையும் கையால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பலகாரத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்கு முந்தின வாரமே மூன்றாவது முறையாக வண்டியைக் காட்டியிருந்தேன். அந்த அதிகாரி, "தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளையே எடுத்தார்.

இப்போது என் கடைக்கு யாராவது ஆர்.சி. புதுப்பிக்க வந்தால் கம்ப்யூட்டரில் உட்கார மாட்டேன். முதலில் வெளியே போய் அவர்கள் வண்டிக்குப் பின்னால் நின்று, "பிரேக்க மிதிங்க" என்பேன். டயரைத் தடவிப் பார்ப்பேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது, வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். என் தங்கை இன்று என்னை 'அண்ணே' என்று கூப்பிடுகிறாள் என்றால், முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் வழியில் போகாமல் முன்னால் போகிறவர்களின் டயரைப் பார்த்ததால்தான். அந்தப் பார்வையில் கொஞ்சத்தையாவது அடுத்தவர்களுக்காகச் செலவழித்துவிட வேண்டும் என்றுதான் தினமும் நான்கு வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டிருக்கிறேன்.