பின்வரிசையில் ஒருவர்

இந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நான் வேதியியல் வகுப்பெடுக்கும்போது பின்வரிசையில் இன்னொரு விரிவுரையாளர் வந்து உட்காருகிறார். வேவு பார்க்க அல்ல. வகுப்பு முடிந்ததும் தேநீர் வாங்கித் தந்து, எங்கே நான் வேகமாக ஓடினேன், எங்கே மாணவர்கள் என்னைப் பின்தொடர முடியாமல் போனார்கள் என்று நிதானமாகப் பேசுகிறார். பிறகு அவர் வகுப்பில் நான் போய் உட்கார வேண்டும். இதற்கென்றே இங்கே ஒரு குழு உண்டு. முதல் நாளே அவர், "உங்களுக்கு இது பழக்கம் போலிருக்கிறதே, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சுப்பையா என்றொரு நண்பன், இப்போது மார்க்கெட்டில் இருக்கிறான் என்றேன். "வணிகத் துறைக்குப் போய்விட்டாரா? நல்ல எதிர்காலம்!" என்று மகிழ்ந்தார். நான் திருத்தவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், சுப்பையாவும் நானும் தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். "ஏலே, என் வகுப்புல வந்து உக்காரு. நான் பேசுததைப் பாக்காத. பயலுவ எங்கன முழிக்கானுவன்னு பாத்துச் சொல்லு" என்பான். சாயங்காலம் சைக்கிளில் குற்றாலம் போய், அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அன்றைய பாடத்தைப் பிரித்துப் போடுவோம். மறுநாள் அவன் வேறு மாதிரி ஆரம்பிப்பான். கடைசி பெஞ்சிலிருந்தும் கைகள் உயரும். முதல்வருக்கு இது பொறுக்கவில்லை. "வகுப்புக்கு ஒரு வாத்தியார் போதும். 'புரியலையா'ன்னு பயகிட்டயே கேட்டா, வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியலன்னுல்லா நினைப்பான்?" என்றார். இருவரும் வாதாடினோம். கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது சுப்பையாவுக்கு வேலை இல்லை. அடங்காதவன் என்ற பெயர் அவனுக்கு முன்னாலேயே மற்றக் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் மேற்படிப்புக்கு இங்கிலாந்து வந்து இங்கேயே தங்கிவிட்டேன்.

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் ஊருக்குப் போனேன். பாவூர்சத்திரத்தில், தன் மைத்துனரின் காய்கறி மண்டியில், சுப்பையா தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தான். குரல் தடித்துவிட்டிருந்தது. இங்கிலாந்து வழக்கத்தைச் சொன்னேன். "சம்பளம் குடுத்தா பின்னால உக்கார வைக்கான்?" என்று சிரித்தான். சிரிப்பு நிற்காமல் கண் நிறைந்தது. ஏதாவது கல்லூரியில் வேலை கேட்டு எழுதட்டுமா என்றேன்.

"வேண்டாம்லே. இப்பம் ஒருத்தன் முகத்தைப் பாத்தா அவனுக்குப் புரியுதான்னு தோணமாட்டேங்கு. வாங்குவானா மாட்டானான்னுதான் தோணுது. அது போயிட்டுலே."

அதே வாரம் அதே கல்லூரி, 'மேல்நாட்டுக் கற்பித்தல் முறை' பற்றிப் பேச என்னை அழைத்தது. அதே முதல்வர் மாலை போட்டார். இது மேல்நாட்டு முறை அல்ல, இந்தக் கூரைக்குக் கீழேயே சுப்பையா செய்தது என்று பெயர் சொல்லியே பேசினேன். முதல்வர் எழுந்து, "சார் எவ்வளவு அடக்கமாப் பேசுதாங்க, பாத்தீங்களா!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் சாரலுக்குக் குடை பிடிப்பதில்லை, நனைந்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். என் கை தானாகவே குடையை விரித்திருந்தது. ஒரு குதிரைவண்டிக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"குத்தாலத்துக்கா சார்? ஏறுங்க. வெளியூர்க்காரங்களுக்கு இந்த வருசம் யோகம், அருவி நல்லா விழுது."

நான் இந்த ஊர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இருக்கையைத் துண்டால் துடைத்துவிட்டிருந்தார். குடையை மடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.