துப்பாக்கிக்குப் பொட்டு வச்ச மனுஷன்

போன வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை. நியூ ஜெர்சியில எங்க வீடு இருக்கிற பிஸ்கட்டவேல இருந்து ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணா ஒரு ஷூட்டிங் ரேஞ்ச் வரும். லீவு நாளும் அதுவுமா நான் ஏன் அங்க போய் உக்காந்திருந்தேன்னு கேட்டா, எல்லாம் நான் கட்டிக்கிட்ட மனுஷனாலதான்.

அவருக்கு ஐ.டி. வேலை. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பழக்கிக் கொடுத்ததுல இருந்து பழைய காலத்துத் துப்பாக்கி மேல பைத்தியம். அதுல குழாய் வாய் வழியா வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கணும். பின்பக்கம் ஒரு ஊசித்துளை இருக்கும். அது மேல பொட்டு வெடி மாதிரி சின்னதா ஒரு கேப் மாட்டணும். விசையை அழுத்தினா கேப் வெடிச்சு, அந்தத் துளை வழியா நெருப்பு உள்ள போய் மருந்தைப் பத்த வைக்கும். ஒரு தடவை சுட்டா மறுபடி எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். குக்கரை ஆஃப் பண்ணச் சொன்னா மறந்துபோற மனுஷன் இதை மட்டும் அவ்வளவு பொறுமையா செய்வார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பூஜை அன்னிக்கு லேப்டாப், மிக்ஸி, கார் எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். இவர் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்து நிக்கிறார். "இத்தனை வருஷத்துல இப்பதான் நம்ம வீட்ல நிஜ ஆயுதம் இருக்கு"ன்னு பெருமை வேற. நான் தொட மாட்டேன்னுட்டேன். அவரே சந்தனம் குழைச்சு வச்சார், மறுநாள் அவரே துடைச்சார்.

ரேஞ்ச்ல சுடற இடத்துக்குப் பின்னாடி பெஞ்ச்ல நான் உக்காந்திருந்தேன். எதிர்ல மண்மேடு, அதுக்கு முன்னாடி டார்கெட். சுட்டு வெடிக்கலைன்னா துப்பாக்கிய அசைக்காம மேட்டைப் பாத்தே பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நிக்கணும், சில சமயம் லேட்டா வெடிக்கும்னு ரேஞ்ச்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

இடிச்சார், கெட்டிச்சார், குறி பாத்து அழுத்தினார். கேப் மட்டும் 'டப்'புனு வெடிச்சுது. அவ்வளவுதான்.

வீட்ல ரிமோட் வேலை செய்யலைன்னா, ஜாம் பாட்டில் மூடி திறக்கலைன்னா, இவர் என்ன செய்வார் தெரியுமா? அதைக் கையிலயே வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புவார். அதேதான் அன்னிக்கும். "இங்க பாரேன்மா, சுட மாட்டேங்குது"ன்னு துப்பாக்கியோட அப்படியே திரும்பிட்டார். அந்தக் கருப்பு வட்டம் நேரா என் நெஞ்சுக்கு எதிர்ல.

பக்கத்துல சுட்டுக்கிட்டிருந்த அமெரிக்கப் பொண்ணு, என் வயசுதான் இருக்கும், கத்திக்கிட்டே பாஞ்சு வந்து குழாயைப் பிடிச்சு மேட்டுப் பக்கம் தள்ளினா. தள்ளின வேகத்துலயே 'டமார்'! மேட்டுல மண்ணு சிதறிச்சு. எங்களைச் சுத்தி ஒரே புகை.

அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு ஊசியால துப்பாக்கியோட அந்தத் துளையைக் குத்தி எடுத்தா. மஞ்சளா ஏதோ வந்துச்சு. மோந்து பாத்துட்டு என்னன்னு கேட்டா. சந்தனம்! மேல துடைச்சாரே தவிர, துளைக்குள்ள போனது காஞ்சு அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. நெருப்பு தட்டுத்தடுமாறி மெதுவா உள்ள போயிருக்கு. இந்த மனுஷன் அங்கேயே நின்னு அவளுக்கு ஆயுத பூஜைன்னா என்னன்னு விளக்க ஆரம்பிச்சுட்டார். எங்க போய் முட்டிக்கிறது சொல்லுங்க! நான் அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

கார்ல ஏறினதும் விட்டேன் பாருங்க ஒரு டோஸ். வழியில பெட்ரோல் போட கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தினார். அங்க வேலை செய்யற பையன் வந்து எவ்வளவு போடணும்னு கேக்கறான், இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி உக்காந்திருக்கார். "குழாய் உன் பக்கம்தான் இருந்துச்சு"ன்னார். நான் திட்டறதை நிறுத்திட்டேன். ஃபுல் டேங்க் போடுப்பான்னு நான்தான் சொன்னேன், அதுவும் தமிழ்ல.

இப்பல்லாம் வீட்ல எது ஓடலைன்னாலும் இவர் அதைக் கையில எடுக்கறதில்ல. கீழ வச்சிட்டு, தள்ளி நின்னு, "இங்க கொஞ்சம் வாயேன்"னு கூப்பிடறார். எரிச்சலாதான் இருக்கு, வாயில நல்லா வருது. ஆனா கூப்பிட அவரும் போய் நிக்க நானும் இருக்கோமேன்னு, அடுப்பைக் குறைச்சு வச்சிட்டு முணுமுணுத்துக்கிட்டே எழுந்து போறேன்.