பத்துக்குப் பத்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும். மூன்று வயதில் அவள் காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு ஒரு வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள், திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு அலைந்தவள் நான். எரியாதா?

பயிற்சி மையத்தில் அவ்வப்போது ஒரு சோதனை உண்டு. வெளிச்சத்தம் நுழையாத அறையில் குழந்தை என் மடியில் உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையைக் காதோரம் வைத்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் சத்தம் வந்ததும் கட்டையை வாளியில் போட வேண்டும். மொத்தம் பத்துச் சத்தம். சோதிக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் கருவியின் ஒலி அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்கள், “இன்னிக்கு எத்தினி?” என்று பரீட்சை மார்க் மாதிரி விசாரிப்பார்கள். என் மகள் எப்போதும் ஒன்பது அல்லது பத்து. எனக்குத் தலை நிமிர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனி வேன் ஓட்டும் என் கணவர் அவள் முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார். நான் அலறி எழுந்தேன். அவள் பாட்டுக்கு நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அங்க பத்துக்குப் பத்து. வூட்ல தட்டு வியுந்தா திரும்பல. இன்னா நடக்குது, நெசத்தச் சொல்லு” என்றார்.

பெற்ற பிள்ளையை வேவு பார்க்கிறாரா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தட்டை எடுத்துக் கழுவப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். முதல் சோதனையில் சத்தம் வந்தும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பயத்தில் என் தொடை லேசாக அசைந்தது. உடனே அவள் கட்டையைப் போட்டாள். அப்புறம் ஒவ்வொரு சத்தத்துக்கும் அசைந்தது. தானாக அசைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நன்றாகக் கேட்கிறது என்று நம்பி அவர்களும் கருவியின் அளவைக் கூட்டாமலே விட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை போனபோது நானே சொல்லிவிட்டேன். சோதிக்கும் பெண் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “நீங்க எங்கூட நில்லுங்கக்கா, அவ தனியா உக்காரட்டும்” என்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் அறைக்குள் போகும் சத்தம் காதில் விழாது. பட்டனை அழுத்தும் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினாள். என் மகள் கட்டையைக் காதோரம் வைத்தபடியே இருந்தாள். மறுபடி அழுத்தினாள். மகள் திரும்பி என்னைத் தேடினாள். உள்ளே ஓடிப் போய்விடலாமா என்றிருந்தது. பத்தில் இரண்டுதான் வந்தது.

பிறகு கருவியின் காதுக்கு வெளியே இருக்கும் பாகத்தைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் அவள் முகத்தைச் சுளித்து அழுதாள். அங்கிருந்து சற்றுக் குறைத்தார்கள். திரும்பவும் சோதனை. விரல் பட்டனை அழுத்தியது. கட்டை வாளியில் விழுந்தது. இந்த முறை ஏழு.

“இது அவளே கேட்டதுக்கா” என்றாள் அந்தப் பெண்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தும் என்னால் முடியவில்லை. பேச்சு வர வேண்டிய வயதில் ஒரு முழு வருஷத்தை அவளிடமிருந்து பிடுங்கித் தின்றிருக்கிறேன். எதிரியா செய்தான்? பெற்றவள் செய்தேன். அதையே நினைத்துக்கொண்டு, எங்கே நிற்கிறேன் என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

என் கையைப் பிடித்திருந்தவள் திடீரென்று துள்ளினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் என்னைப் பிடித்து இழுத்தாள்.

“ம்மா, பஸ்ஸு.”

ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த பஸ்ஸின் ஹாரன் அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்டது. அவள் இழுத்த பக்கம் ஒதுங்கினேன்.